பயிற்றுநரின் காலடியில் இன்னொரு பிரேக்

ஒன்பதாம் வகுப்பில் 'இயக்கம்' பாடத்தைத் தொடங்கும் முன், "பைக் ஓட்டத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். பாதிக்கும் மேற்பட்ட கைகள் உயர்ந்தன.

"யார் கற்றுக்கொடுத்தது?"

"அண்ணன் சார்", "மாமா சார்", "நானாவே சார்."

"முதலில் எதைக் கற்றீர்கள்?"

"கியர் போட, ஆக்சிலேட்டர் முறுக்க."

நிறுத்துவதை ஒருவரும் சொல்லவில்லை. அது என்னை உறுத்தியது.

நாற்பது வயதுக்குப் பின் நான் கார் ஓட்டப் பழகினேன். பயிற்சிப் பள்ளியில் முதல் நாள், இருக்கையையும் கண்ணாடிகளையும் சரிசெய்து, சீட் பெல்ட் அணிந்து, மெல்ல நகர்ந்து சொன்ன இடத்தில் நிற்பதே பாடம். பயிற்சி வாகனத்தில் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. முதல் வாரம் அவர் கால் அதன் மேலேயே இருந்தது. இரண்டாம் வாரம், "முன்னால் தெரிவதைச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள்" என்றார். "பேருந்து நிற்கிறது, மறைவிலிருந்து ஆள் வரலாம், வேகத்தைக் குறைக்கிறேன்" என்று சொல்லப் பழகினேன். மூன்றாம் வாரம் அவர் காலை விலக்கிக்கொண்டார். காருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரம் ஓட்டுதல் என விதி வகுத்திருப்பதன் பொருள் அப்போது புரிந்தது. அண்ணனின் பைக்கில் பின்னால் அமர்பவருக்கு இந்தப் பிரேக் கிடையாது.

மறுநாள் மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்றேன். மணிக்கு 40 கி.மீ. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு, 11 மீட்டர் தள்ளி இன்னொன்று. "முதல் கோட்டில் வரும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. சுதாரிக்க ஒரு நொடி ஆனால், இரண்டாம் கோட்டில்தான் பிரேக்கே பிடிப்பீர்கள்" என்றேன்.

பிறகு மூன்றாம் இயக்கச் சமன்பாடு. எதிர்முடுக்கம் 5 மீ/வி² எனக் கொண்டால், பிரேக் பிடித்த பின் வண்டி 20 கி.மீ. வேகத்தில் சுமார் 3 மீட்டர் ஓடும், 40 கி.மீ. வேகத்தில் சுமார் 12 மீட்டர் ஓடும். வேகம் இரு மடங்கு, தொலைவு நான்கு மடங்கு. மூன்றாம் கோட்டை 23 மீட்டரில் போட்டபோது திடலில் பேச்சே இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் சட்டத்தையும் சொன்னேன். கியர் பைக் ஓட்ட 18 வயது நிறைந்து உரிமம் பெற வேண்டும். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அச்சிறுவருக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. 2019 திருத்தம் இது.

கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவன் வந்தான். "சார், அந்த மூணாவது கோட்டை எங்க அண்ணனுக்குக் காட்டணும். ஒருநாள் கூட்டிட்டு வரட்டுமா?"

கோடுகளை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.