செயலி திணறுகிறதா? எந்தப் பதிவு எதற்கு உதவும்

2019-இல் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலி வந்த பிறகு, கார் நிறுத்தக் கட்டணம் கட்டும் வேலையும் கைப்பேசிக்குள் போய்விட்டது. லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட் ஓரமாகக் காரை நிறுத்துபவர் நல்ல வெயிலில் நிற்பார். கையில் பூமாலைப் பை இருக்கும். போன் மூன்று வருடம் பழையது, பேட்டரி இருபது சதவீதம். அவருக்காக நீங்கள் இப்படி ஒரு செயலியை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாயான் லெப்பாஸ் அலுவலகக் குளிரில், புதுப் போனில், வைஃபையில் வழுக்கிக்கொண்டு ஓடிய செயலி அவர் கையில் திணறும். அந்தத் திணறலை எதைக் கொண்டு பதிவு செய்வது?

கருவியைத் தேடுமுன் ஒன்றைப் பாருங்கள். அந்தத் திணறலை உங்கள் கையாலேயே மறுபடி வரவழைக்க முடிகிறதா? முடிந்தால் வழி வேறு, முடியாவிட்டால் வேறு.

வரவழைக்க முடியும் என்றால், இன்னொரு போனின் ஸ்லோ மோஷன் கேமராவிலிருந்து தொடங்கலாம். பலர் இதைக் கருவியாகவே மதிப்பதில்லை. வினாடிக்கு 240 படம் எடுத்தால் ஒரு படம் சுமார் 4 மில்லிவினாடி. விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். விரல் கண்ணாடியைத் தொட்ட படத்திலிருந்து பொத்தான் நிறம் மாறும் படம் வரை எண்ணுங்கள். 24 படம் என்றால் 100 மில்லிவினாடி. ஆண்ட்ராய்டோ ஐபோனோ, எதுவானாலும் சரி, அளக்கப்படும் போனுக்குச் சுமையே இல்லை.

திரைப்பதிவு அப்படி இல்லை. ஓடுகிற செயலியோடு சேர்த்து வீடியோவையும் சுருக்கி எழுதும் வேலை அந்தப் போனின் தலையில்தான் விழுகிறது. பழைய போனில் அதுவே திணறலைக் கூட்டிவிடும். ‘எந்தத் திரையில், எதை அழுத்தியபோது’ என்று சக ஊழியருக்குக் காட்ட அது போதும். டெவலப்பர் அமைப்பில் தொடுதலைக் காட்டும் வசதியை மறக்காமல் இயக்கிவிடுங்கள். அதிலிருந்து மில்லிவினாடிக் கணக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

கேமராவும் திரைப்பதிவும் எவ்வளவு தாமதம் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதற்கு டிரேஸ் வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் டெவலப்பர் அமைப்பிலேயே சிஸ்டம் டிரேசிங் இருக்கிறது. கணினி இல்லாமல் தெருவில் நின்றபடியே பதிவு செய்துகொண்டு, பிறகு பெர்ஃபெட்டோ தளத்தில் திறந்து பார்க்கலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி, 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3 மட்டுமே. ‘கட்டணம் செலுத்து’ என்று அழுத்திய கணத்தில் முதன்மை இழை வாகனப் பட்டியலைச் சேமிப்பகத்திலிருந்து வாசித்துக்கொண்டு நின்றால், அந்தக் காத்திருப்பு நீளமான பட்டையாகக் கண்ணில் படும். ஆனால் டீபக் பில்டை அளப்பது வீண்வேலை, அது இயல்பாகவே மெதுவாகத்தான் ஓடும். வெளியீட்டு பில்டையே ‘ப்ரொஃபைலபிள்’ என்று குறித்து அளங்கள், ஆண்ட்ராய்டு 10 முதல் அது முடியும். ஐபோன்காரர்களுக்கு இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இருக்கிறது, ஆனால் மேக் கணினி வேண்டும். வெறும் உறைவை மட்டும் பிடிக்க ஐஓஎஸ் 16 முதல் போனிலேயே வசதி உண்டு.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ப்ரொஃபைலர் மேசைக்கு நல்லது. ஒவ்வொரு மெத்தடையும் பதிவு செய்யச் சொன்னால் செயலியே மெதுவாகிவிடும். எந்த மெத்தட் எதை அழைக்கிறது என்பதை நம்பலாம், காட்டும் நேரத்தை அல்ல. அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் நான் எடுப்பது ஜிஎஃப்எக்ஸ்இன்ஃபோ. ஏடிபியில் ஒரே கட்டளை, திணறிய ஃபிரேம்களின் சதவீதமும் 50, 90, 95, 99-ஆவது சதமானங்களும் வந்துவிடும். சராசரியைத் தேடாதீர்கள், 95-ஐப் பாருங்கள்.

மறுபடி வரவழைக்க முடியாத திணறல்தான் பெரிய தலைவலி. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் கூட்டம் சேர்ந்து அலைவரிசையே நெரியும்போது ஒரு செயலி எப்படி நடந்துகொள்கிறது என்பதை எந்த மேசையிலும் பார்க்க முடியாது. பயனரின் கையிலேயே அளந்தாக வேண்டும்.

ஒரு வரி நிரலும் சேர்க்காமல் கிடைப்பது பிளே கன்சோலின் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ். செயலி முதலிலிருந்து திறக்க 5 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அதை மிகையான தாமதமாகக் கணக்கெடுக்கும். பயனர் உணரும் ‘பதிலளிக்கவில்லை’ விகிதம் 0.47 சதவீதத்தைத் தாண்டினால் கடையில் உங்கள் செயலி கண்ணில் படுவதே குறையலாம். ஆனால் பயனர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பல கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஆப்பிள் பக்கம் மெட்ரிக்கிட் உண்டு. அளவீடுகளைத் தொகுத்து நாளுக்கு ஒருமுறை தரும், அவசரத்துக்கு உதவாது.

சிறு குழுவுக்கு நான் சொல்வது ஃபயர்பேஸ் பெர்ஃபார்மன்ஸ். 16 மில்லிவினாடியைத் தாண்டிய ஃபிரேமையும், 700-ஐத் தாண்டி உறைந்ததையும் தனித்தனியாக எண்ணும். போன் மாடல், நெட்வொர்க் நிறுவனம் வாரியாகப் பிரித்தும் பார்க்கலாம். தானாக வருவதோடு நிற்காதீர்கள். ‘பார்க்கிங் தொடங்கு’ முதல் ரசீது வரை சொந்தமாக ஒரு டிரேஸ் வையுங்கள், வண்டியோட்டிக்கு முக்கியம் அந்த நேரம்தான். எந்தத் திரையில் திணறல் என்று தெரிய ஜாங்க்ஸ்டாட்ஸ் நூலகத்தையும் கூடவே சேர்க்கலாம்.

பயனரின் திரையையே காட்சியாகப் பதிவு செய்யும் செஷன் ரீப்ளேயும் இருக்கிறது. கட்டணச் செயலிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2019 பிப்ரவரியில், சொல்லாமல் திரையைப் பதிவு செய்த செயலிகளிடம் பயனரின் ஒப்புதலைப் பெறுங்கள், இல்லையேல் அந்த நிரலை நீக்குங்கள் என்று ஆப்பிள் கண்டிப்பாகச் சொன்னது. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. வாகன எண், அட்டை எண், நிற்கும் இடம் எல்லாம் ஒரே திரையில் வரும். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒப்புதல் கேளுங்கள், அந்தக் கட்டங்களைப் போனிலேயே மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

1972-லிருந்து சிப்பைச் சோதித்தே பெயர் வாங்கிய தீவு இது, அளக்கத் தெரிந்த ஆட்களுக்கு இங்கே பஞ்சமில்லை. செலவும் அதிகம் இல்லை. ஃபயர்பேஸ் எந்த மாடலில் தாமதம் என்று காட்டுகிறதோ, அதே மாடலில் பழைய போன் ஒன்றை வாங்குங்கள். பத்து நிமிடம் வெயிலில் நின்று பயன்படுத்திவிட்டு, போன் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்ட பிறகு டிரேஸ் எடுங்கள். திருத்தியதும் அதே தெருவில், அதே வெயில் நேரத்தில் மறுபடி அளந்து, 95-ஆவது சதமானம் இறங்கியிருந்தால் வெளியிடுங்கள்.