சைக்கிள் கூட்டம் சொல்லித் தரும் பாடம்: யார் பின்னால் போகிறோம்?



இந்த மாதப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது சைக்கிள். "சைக்கிள்ல என்னப்பா பாடம் இருக்கு?" என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கு. நான் இயந்திரப் பொறியியல் படிக்கிற மாணவன், அதனால் நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், எஸ்.பி.எம். இயற்பியல் அளவுக்குத்தான். கணக்கை விரும்பாதவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆனால் கடைசிப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள். நாம் கூடிப் பேச வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1. நடந்தது என்ன?

2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க சைக்கிள் வீரர் ஸ்காட்லாந்துக்கு வந்திருந்தார். அன்றைக்கு சைக்கிள் உலகத்தில் அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது. 1996-இல் அவருக்குப் புற்றுநோய் வந்தது. நுரையீரல், மூளை வரைக்கும் பரவியது. அதிலிருந்து மீண்டு வந்து, 1999 முதல் 2005 வரை தொடர்ந்து 7 முறை 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் முதலாவதாக வந்தார். பிறகு ஓய்வு பெற்றார். 2009-இல் மறுபடியும் பந்தயத்துக்குத் திரும்பி, 37 வயதில் அதே 'டூர் டி பிரான்ஸ்' போட்டியில் மூன்றாவதாக முடித்தார்.

அதற்கு அடுத்த மாதம்தான் இந்தச் சம்பவம். தன்னுடைய டுவிட்டர் பக்கத்தில், நாளைக்கு கிளாஸ்கோ பக்கம் வருகிறேன், கூட சைக்கிள் ஓட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டு ஒரு சிறிய செய்தி போட்டார். அவ்வளவுதான். போஸ்டர் இல்லை, பதிவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. மறுநாள் மழை. இருந்தாலும், கிளாஸ்கோவுக்கு அருகே இருக்கிற பெய்ஸ்லி நகரத்தில் சில நூறு பேர் சைக்கிளோடு வந்து நின்றார்கள். வேலைக்கு விடுப்பு எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது, ஏனென்றால் அது வார நாள்!

அடுத்த வாரம் அயர்லாந்து. டப்ளின் நகரத்தில் ஃபீனிக்ஸ் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. 700 ஹெக்டேருக்கு மேல் பரப்பு, சுற்றிலும் மதில், உள்ளே மான் கூட்டம், நடுவில் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான சாலை. அந்நாட்டு அதிபரின் இல்லமும் அதற்குள்ளேதான். அங்கேயும் அதே மாதிரி ஓர் அழைப்பு. இந்த முறை வந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூப்பந்தில் உலக வீரர் ஒருவர் ஊருக்கு வந்தால், அவரோடு நாம் ஆட முடியுமா? டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம், முடிந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். சைக்கிளில் மட்டும் அப்படி இல்லை. அவர் ஓட்டுகிற அதே தார்ச் சாலையில் நாமும் ஓட்டலாம். அவர் முகத்தில் அடிக்கிற மழைதான் நம் முகத்திலும். கொஞ்ச தூரத்துக்காவது அவர் பக்கத்தில் போகலாம். அந்த ஆயிரம் பேரை இழுத்தது இந்த ஆசைதான். அதில் தப்பு ஒன்றுமில்லை.

2. காற்றுக் கணக்கு

சாதாரண ஆள் ஒரு உலகத்தர வீரரோடு எப்படி ஒட்டிக்கொண்டு போக முடிகிறது? அவர் மெதுவாக ஓட்டுகிறார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் காற்று.

சமதளச் சாலையில் வேகமாகப் போகும்போது சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்றுத்தான். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அந்த எதிர்ப்பைத் தாண்டத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது, வேகம் இரண்டு மடங்கானால் விசை 4 மடங்கு, ஆற்றல் 8 மடங்கு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். காற்றின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம், ஓட்டுபவர் காற்றில் அடைக்கிற பயனுறு பரப்பு 0.32 சதுரமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால், காற்றுக்காக மட்டும் 24 வாட் போதும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துக்கு 192 வாட் வேண்டும். நம்மைப் போன்றவர்கள் அதை ரொம்ப நேரம் தாங்க முடியாது, மூச்சு வாங்கிவிடும்.

இப்போது ஒருவருக்கு நெருக்கமாகப் பின்னால் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துவிடுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் எதிர்ப்பு குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. அதில் 30 விழுக்காடு மிச்சம் என்று எடுத்தால்கூட, 192 வாட் சுமார் 134 வாட்டாக இறங்கிவிடும். அதே வேகம், கால் வலி மட்டும் குறைவு.

பெரிய கூட்டத்துக்கு நடுவில் போனால் இன்னும் ஆச்சரியம். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018-இல் 121 சைக்கிள்கள் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் உள்ளே நல்ல இடத்தில் இருப்பவருக்கு, தனியாக ஓட்டும்போது இருக்கிற காற்று எதிர்ப்பில் 5 முதல் 10 விழுக்காடு வரைதான் மிஞ்சுகிறது என்று கண்டார்கள். பின்னால் ஒருவர் நெருங்கி வந்தால் முன்னால் போகிறவருக்கும் சிறிதளவு இலாபம் உண்டு. அவர் முதுகுக்குப் பின்னால் உண்டாகிற இழுவை குறைகிறது. ஆக, பின்னால் வருகிறவன் முன்னவனுக்குப் பாரமே இல்லை, கொஞ்சம் உதவியும் செய்கிறான்.

நம் நாட்டு வீரர் அஸிஸுல்ஹஸ்னி அவாங் 2017-இல் ஹாங்காங்கில் உலக வாகையர் ஆனாரே, அந்தக் கெய்ரின் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்தில் எல்லாரும் ஒரு மோட்டார் வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போவார்கள். வண்டி விலகிய பிறகுதான் உண்மையான போட்டி. எப்போது முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், எப்போது வெளியே வந்து காற்றைத் தானே வாங்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் அதில் ஜெயிப்பான்.

3. கூட்டமாக ஓட்டுவதன் ஒழுங்கு

கூட்டத்தில் சுகம் இருக்கிற அளவுக்கு ஆபத்தும் இருக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம், முன்னவருக்கும் உங்களுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி. அவர் திடீரென்று பிரேக் பிடிக்கிறார். நீங்கள் அதைப் பார்த்து பிரேக் பிடிக்க அரை வினாடி ஆகிறது. இரண்டு பேரும் ஒரே அளவு பலமாகப் பிடித்தால்கூட, அந்த அரை வினாடித் தாமதம் போதும். கணக்குப் போட்டால், ஒரு வினாடிக்குள் உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தில் இடித்துவிடும். அதனால்தான் கூட்டமாக ஓட்டுகிறவர்கள் சில பழக்கங்களை விடாமல் கடைப்பிடிக்கிறார்கள்:

முதலாவது, வேகத்தைச் சீராக வைத்திருப்பது. திடீர் பிரேக் கூடாது, திடீர் வளைவும் கூடாது.

இரண்டாவது, உங்கள் முன்சக்கரத்தை முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் நுழைக்காமல் இருப்பது. அவர் லேசாக அசைந்தாலே விழப்போவது நீங்கள்தான்.

மூன்றாவது, முறை வைத்துக்கொள்வது. முன்னால் போகிறவர் கொஞ்ச நேரம் காற்றை வாங்கிவிட்டு, ஒதுங்கிப் பின்னால் வருவார். அடுத்தவர் முன்னால் போவார். எப்போதும் ஒருவனே உழைக்கக் கூடாது. எப்போதும் ஒருவனே ஒளிந்துகொள்ளவும் கூடாது.

நான்காவதுதான் ரொம்ப முக்கியம். பின்னால் போகிறவருக்குச் சாலை தெரியாது, முன்னவர் முதுகுதான் தெரியும். அதனால் முன்னால் குழி இருந்தால், பார்த்தவர் கையைக் காட்ட வேண்டும், "குழி!" என்று கத்த வேண்டும். அடுத்தவர் அதை அப்படியே தனக்குப் பின்னால் கடத்த வேண்டும். ஒருவர் சும்மா இருந்துவிட்டால்கூட சங்கிலி அறுந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலாங்கூர் பக்கம் மலைச்சாலைகளில் ஓட்டுகிற அண்ணன்மாரைக் கேட்டுப் பாருங்கள். இதே நான்கைத்தான் சொல்வார்கள்.

4. மூன்று ஆண்டு கழித்து

இனி கதையின் மறுபாதி. 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு நிறுவனம் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 26 பேர் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்லியிருந்தார்கள். அவர்களில் 11 பேர் ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே அணியில் ஓட்டியவர்கள். அவர் பல ஆண்டுகளாகத் தடைசெய்யப்பட்ட மருந்துகளைப் பயன்படுத்தி ஓட்டினார் என்பது அம்பலமானது. 7 பட்டங்களும் பறிபோயின, ஆயுள் தடையும் விழுந்தது. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஏழு ஆண்டுகளின் முதலிடம் வேறு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பட்டியலில் இன்றைக்கும் அந்த இடம் காலி.

பெரிய மனிதர் விழுவது புதிதல்ல. என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. இந்த உண்மையை முன்பே சொன்னவர்கள் இருந்தார்கள். அதிலும் முக்கியமான மூன்று பேர், ஆயிரம் சைக்கிள்கள் கூடிய அதே அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள்.

எம்மா ஓ'ரைலி அவருடைய அணியில் மசாஜ் வேலை பார்த்த பெண். தான் பார்த்ததை வெளியே சொன்னார், அது 2004-இல் ஒரு புத்தகத்தில் வந்தது. ஆம்ஸ்ட்ராங் அவர்மீது வழக்குப் போட்டார், அவர் பெயரையும் கெடுத்தார். டேவிட் வால்ஷ் அந்தப் புத்தகத்தை இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய பத்திரிகையாளர். அவர் எழுதிய லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகைமீதும் வழக்கு. 2006-இல் அந்தப் பத்திரிகை பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பால் கிம்மேஜ், தாமே 'டூர் டி பிரான்ஸ்' ஓட்டிய டப்ளின்காரர், பிறகு பத்திரிகையாளர் ஆனவர். 2009 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் ஊக்கமருந்து பற்றி நேருக்கு நேர் கேள்வி கேட்டார். அதற்கு முன்பு அவர் கடுமையான வார்த்தைகளைப் பயன்படுத்தியிருந்தது உண்மை. ஆம்ஸ்ட்ராங் அதையே பிடித்துக்கொண்டு எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார்.

ஆறு மாதம் கழித்து, கிம்மேஜ் பிறந்த ஊரிலேயே, ஃபீனிக்ஸ் பூங்காவில் ஆயிரம் பேர் ஆம்ஸ்ட்ராங்குக்குப் பின்னால்.

5. நமக்கு என்ன பாடம்?

அப்படியானால் அந்த ஆயிரம் பேரும் ஏமாளிகளா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் ஓட்டிய கிலோமீட்டர் பொய்யில்லை. மழையில் நனைந்தது பொய்யில்லை. முன்பின் தெரியாத பக்கத்து ஆளோடு பேசிச் சிரித்ததும் பொய்யில்லை. அன்றைக்குச் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தவர்களில் சிலர் அதற்குப் பிறகு கீழே வைக்காமலே இருந்திருக்கலாம். ஆம்ஸ்ட்ராங்கின் அறக்கட்டளை மூலம் புற்றுநோயாளிகளுக்குக் கிடைத்த உதவியும் உண்மைதான். நல்ல காரியத்தில் கிடைத்த நன்மையை, கூப்பிட்டவர் யார் என்பதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக உள்ளே காற்று குறையும் என்று பார்த்தோம். சுகமாகப் போகலாம், ஆனால் சாலை தெரியாது. புகழும் அப்படித்தான் வேலை செய்கிறது. "இத்தனை பேர் நம்புறாங்க, தப்பா இருக்குமா?" என்று நினைத்துக்கொண்டே போய்விடுகிறோம். அந்த நேரத்தில் ஒருவர் "குழி!" என்று கத்தினால், நமக்கு வருவது நன்றி அல்ல, கோபம். "பொறாமையில பேசுறான்", "பேர் வாங்கப் பாக்குறா" என்கிறோம். ஓ'ரைலிக்கும் வால்ஷுக்கும் கிம்மேஜுக்கும் நடந்தது இதுதான். அவர்களைத் தாக்கியது ஒருவர். அவருக்குத் தைரியம் கொடுத்தது கூட்டம்.

நம்மிடமும் கூட்டங்கள் இருக்கின்றன. ஒரு சினிமா நடிகர், ஒரு யூடியூப் பேச்சாளர், பணம் இரட்டிப்பாகும் என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்கிற ஓர் அண்ணன், ஏன், நம்முடைய சங்கங்களிலேயே பேச்சுத் திறமை உள்ள ஒரு தலைவர். கூடப் போவது தவறில்லை. தனியாக யாரும் ரொம்ப தூரம் போக முடியாது என்பதைக் காற்றே சொல்கிறது. போகும்போது மூன்றைக் கவனிப்போம். முன்னவர் முதுகை மட்டும் பார்க்காமல், தலையைத் தூக்கிச் சாலையையும் பார்ப்போம். கேள்வி கேட்கிறவரின் குணத்தை அலசுவதற்கு முன்னால் அவர் காட்டுகிற குழி இருக்கிறதா என்று பார்ப்போம். நம் முறை வரும்போது ஒளியாமல் முன்னால் போய்க் காற்றை வாங்குவோம்.

கலந்துரையாடலுக்கு

உங்கள் வட்டாரக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை எடுத்துப் பேசுங்கள்:

1. ஒருவர் செய்த நன்மையையும் அவர் சொன்ன பொய்யையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பிரிக்க முடியாத இடம் எது?

2. நம் குழுவில் யாராவது சங்கடமான கேள்வி கேட்டபோது நாம் எப்படி நடந்துகொண்டோம்? பெயர் சொல்லாமல் ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

3. நம் வேலைகளில் எப்போதும் முன்னால் நின்று காற்று வாங்குகிறவர் யார்? அவருக்கு எப்போது ஓய்வு கொடுக்கப் போகிறோம்?

செயல்பாடு: அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை, எல்லாரும் சேர்ந்து 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். தலைக்கவசம் கட்டாயம். 2 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னவரை மாற்றுங்கள். கூட்டத்தில் மெதுவாக ஓட்டுகிறவரின் வேகம்தான் அன்றைக்கு எல்லாருடைய வேகமும். குழி வந்தால் சத்தமாகச் சொல்லுங்கள்.