குளம் கோளமா?

சென்ற தவணைப் பரீட்சையில் பௌதிகவியல் வினா ஒன்றுக்கு எனக்குப் புள்ளியே கிடைக்கவில்லை. அமைதியான குளத்தில் ஒரு கல் விழுகிறது. ஒரு மீற்றர் தூரத்தில் அலைக்கு இருக்கும் செறிவோடு ஒப்பிட்டால் பத்து மீற்றரில் எவ்வளவு? சக்தி இழப்பைப் புறக்கணிக்க வேண்டும். தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு என்று மனப்பாடமாக இருந்ததால், நூறில் ஒன்று என எழுதிவிட்டேன். ஆசிரியை ஓரத்தில் சிவப்பு மையால், "குளம் கோளமா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

அதன் பிறகுதான் யோசித்தேன். மின்குமிழின் ஒளி மேலே, கீழே, நாற்புறமும் போகிறது. அதைச் சுற்றி ஒரு கோளத்தைக் கற்பனை செய்தால், புறப்பட்ட சக்தி முழுவதும் அதன் மேற்பரப்பில் பங்கிடப்படுகிறது. ஆரை பத்து மடங்கானால் மேற்பரப்பு நூறு மடங்கு. ஆகவே செறிவு நூறில் ஒன்று. குளத்து அலையோ நீர்ப்பரப்பை விட்டு எங்கும் போகாது. அதன் சக்தி ஒரு வட்டத்தின் பரிதியில்தான் பங்கிடப்படுகிறது. ஆரை பத்து மடங்கானால் பரிதியும் பத்து மடங்கு. செறிவு பத்தில் ஒன்று! செறிவு வீச்சத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன் என்பதால், அலையின் உயரம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகத்தான் குறையும்.

குழாய்க்குள் போகும் ஒலிக்குப் பரவவே இடமில்லை. 1808இல் பியோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பாரிஸில் 951 மீற்றர் நீளமான இரும்பு நீர்க்குழாயின் ஒரு முனையில் மெதுவாகப் பேச, மறுமுனையில் கேட்டதாம். உராய்வு மட்டும் இல்லையென்றால் தூரத்தால் எதுவும் குறைந்திருக்காது.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது உம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "அப்ப சுனாமி? அவ்வளவு தூரத்துல நடந்தது, இங்க வரக்குள்ள ஏன் மகள் குறையல்ல?"

நான் காணாத என் சாச்சியை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. அந்தக் கேள்வியை உம்மா அன்றிலிருந்தே வைத்திருந்திருக்க வேண்டும். எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் வாசித்த பிறகே சொன்னேன்.

நிலநடுக்கத்தின் மையம் சுமாத்திராவுக்கு அருகே, எங்களிலிருந்து சுமார் 1,600 கிலோமீற்றரில். ஆழ்கடலின் ஆழமோ நான்கு கிலோமீற்றர் அளவுதான். சுனாமியில் அடித்தளம் முதல் மேற்பரப்பு வரை நீர் முழுவதும் அசைகிறது. எனவே மேலும் கீழும் பரவ அதற்கு இடமில்லை. அத்தனை பெரிய கடலும் அந்த அலைக்குக் குளத்தின் மேற்பரப்புப் போன்றதே. ஒளியைப் போல நூறில் ஒன்றாக மெலிந்து வரும் அலை அல்ல அது.

இன்னொன்றும் உண்டு. கடலடித் தரை பிளந்தது ஒரு புள்ளியில் அல்ல. வடக்கே அந்தமான் தீவுகள் வரை, ஏறத்தாழ 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட கோட்டில். நீண்ட கோட்டிலிருந்து கிளம்பும் அலை, வட்டமாக விரிவதற்கு முன், கோட்டுக்குச் செங்குத்தாகவே நெடுந்தூரம் போகும். குழாய்க்குள் போவது போல என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கோடு வடக்குத் தெற்காகக் கிடந்ததால் சக்தியின் பெரும்பகுதி கிழக்கும் மேற்கும் போனது. வடக்கே இருந்த பங்களாதேஷில் பாதிப்பு மிகக் குறைவு. நடுக்கடலில் செய்மதி அளந்த அலையின் உயரம் சுமார் அறுபது சென்ரிமீற்றர்தான். கரையருகே ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து, அலை உயர்ந்தது.

தேசப்படத்தை விரித்து அந்தக் கோட்டைப் பென்சிலால் வரைந்து காட்டினேன். உம்மா அதிலிருந்து மேற்கே விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். விரல் எங்கள் கிழக்குக் கரையில் வந்து நின்றது.

"எங்களுக்கு நேராத்தான் இருந்திருக்கு" என்றார். பிறகு, சாச்சியின் வீடு எந்த இடத்தில் வரும் என்று கேட்டார். அந்தத் தேசப்படத்தில் ஊர்ப்பெயர் இருக்கவில்லை. ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.