தொட்டிப் பாசியைச் செடிக்குக் கொடுங்கள்

மீனுக்குப் போடும் தீனியில் இருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பகுதி கடைசியில் தண்ணீரில்தான் தங்குகிறது. வெயிலும் சேர்ந்தால் அல்லித் தொட்டியில் பாசி படரும். மருந்து ஊற்றிக் கொன்றால் பாசி அங்கேயே அழுகி, சத்து மறுபடி தண்ணீருக்கே போகும். அதை வெளியே எடுத்துச் செடிக்குக் கொடுப்பதே நல்லது.

செய்ய வேண்டியவை

• முதலில் ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். நூல்நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் இழைப்பாசி, உரத்துக்கு உகந்தது. பெயின்ட் மாதிரி குச்சியில் பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் கை வைக்க வேண்டாம்.

• குச்சியில் சுருட்டி எடுத்ததை, தொட்டித் தண்ணீர் பிடித்த வாளியில் அலசுங்கள். மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் உதிரும். அந்தத் தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிவிடுங்கள்.

• பாசியைத் தனியாகக் குவித்தால் காற்றுப் புகாமல் நாறும். காய்ந்த சருகு, வைக்கோல், தென்னை நார்க்கழிவு ஏதாவதொன்றைப் பாசியைவிடக் கூடுதலாக எடுத்து, மாற்றி மாற்றி மெல்லிய அடுக்குகளாக உரக்குழியில் போடுங்கள். மூடாக்காகவும் போடலாம். ஆனால் தடிமனாகப் போட்டால் காய்ந்து இறுகி, தண்ணீரை இறங்கவிடாது. உலர்த்தி நொறுக்கி மண்ணோடு கிளறுவது இன்னும் நல்லது.

• தொட்டியைக் கழுவும்போது வரும் பச்சைத் தண்ணீர் வாழைக்கும் செம்பருத்திக்கும் போகட்டும்.

செய்யக்கூடாதவை

• நீலப்பச்சைப் பாசி படர்ந்த தண்ணீரைக் கீரைப்பாத்திக்கு விடாதீர்கள். நாயோ ஆடோ குடிக்கவும் விடாதீர்கள். சில இனங்கள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரக்கும். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. நெல் வயலுக்கு நீலப்பச்சைப் பாசி இடுகிறார்களே என்று கேட்கலாம். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத்தரும் இனங்களாகத் தேர்ந்து வளர்த்து இடுவது அது. நம் தொட்டியில் தானாக வந்தது எந்த இனமென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

• உணவாக விற்கும் ஸ்பைருலினா என்று நினைத்துத் தொட்டிப் பாசியை வாயில் வைக்கவே வேண்டாம்.

• மயில்துத்தமோ உப்போ போட்ட தொட்டியின் பாசி செடிக்கு ஆகாது.

• எடுத்த பாசியைத் தொட்டியோரம் குவிக்காதீர்கள். மழை பெய்தால் சத்தெல்லாம் உள்ளே திரும்பிவிடும்.

• ஒரே நாளில் முழுவதையும் வழிக்காதீர்கள்; குஞ்சுகளுக்கு அதுதான் மறைவிடம். அதற்காக மண்டவும் விடாதீர்கள். இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால், அன்றைக்கே கொஞ்சம் பாசியை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கலக்கிவிடுங்கள்.