தெரியாத கதிர் தரும் வெள்ளை வெளிச்சம்

மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், ஸ்கந்தபுரம் போன்ற வன்னி ஊர்களில் திருவிழா இரவைப் பகலாக்கியது பெற்றோமக்ஸ் விளக்கு. அந்த வெண்மை நெருப்பினுடையதன்று. சுவாலையில் சூடேறிய மென்டில் என்ற வலையினுடையது. தோரியம் ஒட்சைட்டோடு நூற்றில் ஒரு பங்களவு சீரியம் ஒட்சைட்டுச் சேர்த்து, 1891இல் ஒஸ்திரிய வேதியியலாளர் வெல்ஸ்பாக் கண்ட கலவை அது. இன்று ஆய்வுகூடங்களில், பொருளை வெள்ளையாக ஒளிரவைக்கும் சுவாலையின் வேலையைக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் லேசரும் செய்கிறது. ரிமோட்டின் நுனியைப் போன் கமராவினூடாகப் பாருங்கள்; மின்னுவது அந்தக் கதிரின் இனந்தான்.

நம்பிக்கை: தெரியாத கதிரிலிருந்து தெரியும் வெளிச்சம் வராது; சக்திக் காப்பு விதி இடங்கொடாது.

உண்மை: 980 நனோமீற்றர் செங்கீழ்க் கதிர் லேசரின் ஓர் ஒளித்துணிக்கைக்குப் பச்சை ஒளி தரும் சக்தி இல்லைத்தான். ஆனால் இற்றர்பியம் அத்துணிக்கைகளை உள்வாங்கி அயலிலுள்ள அணுக்களுக்குக் கைமாற்றும். இரண்டின் சக்தி சேர்ந்தால் ஏர்பியம் பச்சையும் சிவப்பும் காலும். மூன்றின் சக்தி சேர்ந்தால் தூலியம் நீலம் காலும். மூன்று நிறமும் அளவாகக் கலக்க, வெள்ளை. இந்தக் கைமாற்றத்தை 1966இல் பிரான்சின் ஆய்வாளர் ஓசெல் விளக்கினார். வாங்கியதிலும் குறைவாகவே பொருள் திருப்பித் தருகிறது, விதி மீறப்படவில்லை.

நம்பிக்கை: இற்றர்பியம், ஏர்பியம், தூலியம் போன்ற அருமண் மூலகங்கள் இல்லாமல் இது நடக்காது.

உண்மை: 2016இல் ஜேர்மனியின் மார்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெள்ளீயமும் கந்தகமும் கருவாயுள்ள சேர்வையின் தூள்மீது 980 நனோமீற்றர் லேசரைப் பாய்ச்சி, இதமான வெள்ளை ஒளி பெற்றார்கள். அது நாலாபுறமும் சிதறாமல் லேசரின் திசையிலேயே சென்றது.

நம்பிக்கை: நாளை வீட்டுப் பல்புக்குப் பதில் இதுவே வரும்.

உண்மை: எல்ஈடி பல்பில் நடப்பது மறுவளம்: சக்தி மிகுந்த நீல ஒளியின் ஒரு பகுதி மஞ்சளாக இறங்குகிறது. இறங்குவது எளிது, ஏறுவதில் இழப்பு அதிகம். ஆகவே மேலேற்றும் பொருட்களுக்கு உரிய இடம் நுணுக்குக்காட்டியும், போலி ஆவணங்களைக் காட்டிக்கொடுக்கும் மையும்.

நம்பிக்கை: தெரியாத லேசர் கண்ணை ஒன்றும் செய்யாது.

உண்மை: தெரியும் லேசரிலும் அது ஆபத்தானது. பிரகாசம் பட்டால் இமை தானே மூடும். இதற்கு மூடாது, விழித்திரை வெந்துபோகும். பச்சை லேசர் டோர்ச் பலவற்றுள்ளே இருப்பதும் செங்கீழ்க் கதிர்தான். வடிகட்டி இல்லாத மலிவுச் சாமானில் அது பச்சையோடு சேர்ந்து கசியும். திருவிழாக் கடையில் பிள்ளை அதைக் கேட்டு அழுதாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.