பதிப்புரிமைப் பூட்டும் மாற்றுத் திறவுகோலும்

நூல், இசை, திரைப்படம் ஆகியன இன்று பெருமளவில் மின்னணு வடிவில் விற்பனையாகின்றன. இவற்றை உருவாக்கும் முதற்செலவு பெரிது; படியெடுக்கும் இறுதிநிலைச் செலவோ ஏறத்தாழ ஒன்றுமில்லை. எனவே, விலை கொடாமல் படியெடுப்போரால் ஆசிரியரும் பதிப்பாளரும் தம் உழைப்பின் பயனை இழக்க நேரிடும். இதனைத் தடுக்கவே மின்னணுப் பூட்டுகள் தோன்றின. படைப்பு மறைகுறியீடாக மாற்றப்படுகிறது. உரிய திறவுகோல் உள்ள கருவியில் மட்டுமே அது திறக்கும். இப்பூட்டைத் திறக்கும் மாற்றுக் கருவியை உருவாக்குவது அறமாகுமா என்பதே இங்கு ஆராயத்தக்க வினாவாகும்.

ஒரே கருவி, இரு தீர்ப்புகள்

1999ஆம் ஆண்டில் டிவிடி வட்டின் பூட்டைத் திறக்கும் ‘டிசிஎஸ்எஸ்’ என்னும் நிரல் வெளியாயிற்று. அதில் பங்குகொண்ட நார்வே நாட்டு இளைஞர் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. லினக்ஸ் கணிப்பொறியில் வட்டைக் காண்பதற்கே அந்நிரல் என்பது அவர் தரப்பு வாதம். விலைக்கு வாங்கிய வட்டைக் காண வழிசெய்தல் குற்றமன்று என்று கூறி, நார்வே நீதிமன்றங்கள் 2003ஆம் ஆண்டில் இருமுறை அவரை விடுவித்தன. ஆயின் அமெரிக்காவில், அதே நிரலை வெளியிடுதல் கூடாது என 2000ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் தடைவிதித்தது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் பூட்டைத் திறக்கும் செயலோடு, அதற்கான கருவியைச் செய்து வழங்குதலையும் தடை செய்வதே இதற்குக் காரணம்.

இத்தடையின் விளைவு கருதத்தக்கது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்நாட்டில் சில விலக்குகள் அளிக்கப்படுகின்றன. உரக்கப் படித்துக்காட்டும் வசதியைத் தடுக்கும் மின்னூல்களின் பூட்டைத் திறக்க 2003ஆம் ஆண்டில் விலக்குக் கிடைத்தது. ஆனால் இவ்விலக்கு திறக்கும் செயலுக்கே பொருந்தும். கருவியைச் செய்து பிறருக்கு வழங்குவதற்குப் பொருந்தாது. பார்வையற்ற வாசகர் பூட்டைத் திறக்கலாம். அவருக்குத் திறவுகோல் செய்துதர எவருக்கும் உரிமையில்லை! நிரல் எழுதும் திறன் எல்லா வாசகரிடமும் இருக்குமா? கையில் கிட்டாத உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

நம் சட்டத்தின் நிலை

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகப் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்போருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்க அது வகைசெய்கிறது. நோக்கமே இங்கு அளவுகோல். கருவி செய்தல் தன்னளவில் குற்றமென இப்பிரிவு கூறவில்லை. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத பயனுக்காகத் திறக்கலாம். மறைகுறியீட்டு ஆய்வு, சட்டப்படியான புலனாய்வு போன்றவற்றுக்கும் இடமுண்டு. பிறர் திறப்பதற்கு உதவுவோர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்து வைத்தல் வேண்டும்.

இத்திருத்தமே மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூல்களைப் படியெடுக்கவும் வழிசெய்தது. 2013ஆம் ஆண்டின் மராகேஷ் உடன்படிக்கையை 2014ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. பிரெயில் எழுத்திலோ ஒலிவடிவிலோ பாடநூலை மாற்ற முனையும் தொண்டு நிறுவனம் முதலில் அதன் பூட்டைக் கடந்தாக வேண்டும். கருவி இன்றேல் இச்சலுகையும் பயன் தராது.

பொறுப்பின் எல்லை

இதனால் கருவி செய்வோர் அனைவரும் குற்றமற்றவர் என்று கொள்ளலாகாது. பூட்டுத் திருத்துபவரின் தொழில் நேர்மையானதே. ஆயினும் திருடனெனத் தெரிந்தும் சாவி செய்து கொடுப்பவர் திருட்டில் பங்காளியாவார். மின்னணுத் திறவுகோலில் மற்றொரு சிக்கலும் உண்டு. அதனை ஒருவர் செய்தால் பல்லாயிரவர் பயன்படுத்தலாம். யார் கையில் சேர்ந்தது என்பதைச் செய்தவரே அறியார். முதல் நூலை வெளியிட்டு, அதன் உரிமத்தொகையை எதிர்நோக்கும் எழுத்தாளருக்கு இதனால் நேரும் இழப்பு சிறிதன்று.

பூட்டுக்கும் குறைகள் உண்டு. நம் சட்டப்படி நூலின் பதிப்புரிமை ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளில் முடிவுறும். பூட்டு தானாக முடிவுறுவதில்லை. ஆராய்ச்சிக்காகப் படிப்பவரையும் களவாகப் படியெடுப்பவரையும் வேறுபடுத்தி அறியவும் அதனால் இயலாது. சட்டம் வழங்கியதைப் பூட்டு பறிக்கும்போது, திறவுகோல் செய்தல் சட்டத்தின் நோக்கத்துக்குத் துணைநிற்பதாகும்.

ஆகவே கருவி செய்பவர் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளல் நலம். கருவியின் முதன்மைப் பயன் சட்டம் ஏற்றதா? தேவைக்கு மேல் அது திறந்துவிடுகிறதா? அதனைப் பெறுவோர் குறித்துத் தாம் பொறுப்பேற்க இயலுமா? மூன்றுக்கும் நேர்மையான விடை கூற வல்லவரின் பணி அறத்தின்பாற்பட்டதே.

பதிப்பாளருக்கும் கடமை உண்டு. பார்வையற்றோர் கேட்கும்போது பூட்டில்லாப் படியைத் தாமே வழங்கினால் மாற்றுத் திறவுகோலின் தேவை பெரிதும் குறையும். நூலகங்களும் தொண்டு நிறுவனங்களும் முறையான பதிவேட்டுடன் இப்பணியை ஏற்று நடத்தலாம். அப்பதிவேடு பிற பயன்களுக்குச் செல்லாதவாறு காத்தலும் இன்றியமையாதது. படைப்பாளியின் வருவாயும் படிப்பவரின் உரிமையும் ஒருங்கே காக்கப்படும்போதுதான் அறிவு நாட்டின் பொதுச்செல்வமாகும்.