எண்ணெய் கொடுக்கும்போது சுக்கான் இழுக்கிறதா?

விடியற்காலைப் பெரட்டு முடிந்து நிரைகளை நோக்கிப் புறப்படும் நான்கு சக்கர இயக்க வண்டியை நாம் அனைவரும் நன்கு அறிவோம். அதன் பின்புறத்தில் ஆட்கள் இருப்பர். பால் தோம்புகள் இருக்கும். உர மூட்டைகளும் இருக்கும். செம்மண் மேட்டின் அடியில் ஓட்டுநர் எண்ணெய்ப் பெடலை அழுத்துகிறார். வண்டி மேலேறத் தொடங்கிய அக்கணமே சுக்கான் ஒரு பக்கமாக இழுக்கிறது. அவர் அதனை இறுகப் பிடித்து நேராக்குகிறார். உச்சியை அடைந்து பெடலிலிருந்து காலை எடுத்ததும், வண்டி எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது. சாலையோரத்தில் ஆழமான கான் வெட்டப்பட்டிருக்குமாயின், அந்த ஒரு முழ அகலத்தில்தான் பின்னாலிருப்போரின் பாதுகாப்பு அடங்கியுள்ளது.

அனுபவம் மிக்க ஓட்டுநர்கள் இத்தகைய இழுப்பைக் கைப்பழக்கத்தால் சமாளித்துவிடுகின்றனர். அவ்வாறு சமாளிப்பதனாலேயே கோளாறு பல மாதங்கள் வெளியே தெரியாமற் போகிறது. அவர் விடுமுறையில் சென்று வேறொருவர் வண்டியை எடுக்கும் நாளில்தான் விபரீதம் நேர்கிறது. ஆகவே, இழுப்பின் காரணத்தைப் படிப்படியாக ஆராய்ந்து அறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

எப்போது இழுக்கிறது என்பதே முதற் கேள்வி. எண்ணெய் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வண்டி ஒரே பக்கமாகச் செல்லுமானால், டயரின் காற்று, சக்கரங்களின் நேர்மை, விடுபடாத பிரேக் ஆகியவற்றை ஐயுற வேண்டும். பிரேக் விடுபடாத சக்கரம், சிறிது தூரம் ஓடியதும் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடேறியிருக்கும். அருகே கையைக் கொண்டு சென்றாலே தெரியும். தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பிரேக்கின் கோளாறு. எண்ணெய் கொடுக்கும்போது ஒரு பக்கமும், காலை எடுக்கும்போது மறுபக்கமும் இழுக்குமாயின், ஏதோ ஓர் உறுப்பு தன் இடத்தில் நிலைக்காமல் முன்னும் பின்னும் நகர்கிறது என்று பொருள். இந்த மூன்றாவது வகையே நமது ஆராய்ச்சிக்கு உரியது.

சாலையின் சாய்வு நம்மை ஏமாற்றக்கூடும். இந்நாட்டில் நாம் இடப்பக்கமாக வண்டி ஓட்டுகிறோம். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்த்தப்பட்டிருப்பதால் வண்டி சற்றே இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. தோட்டத்தின் ஒற்றைத் தடச் சாலையில் ஆளும் சரக்கும் இன்றி, ஒரே தடத்தில் போகும்போதும் திரும்பும்போதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் ஒதுங்கினால் குற்றம் சாலையுடையது. இருமுறையும் ஒரே பக்கமாயின் குற்றம் வண்டியுடையது. மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டர் வேகமே இச்சோதனைக்குப் போதும்.

அடுத்து, டயர்களைக் கவனிப்போம். வண்டி ஓடுவதற்கு முன்னர், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரத் தகட்டில் குறிக்கப்பட்டுள்ள அளவிற்குக் காற்று நிரப்ப வேண்டும். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தியபின் இழுப்பும் பக்கம் மாறுமாயின், டயரே குற்றவாளி. ஒரு பக்கம் புதிய டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும் பூட்டுவது தோட்டங்களில் சிக்கனம் எனக் கருதப்படுகிறது. நான்கு சக்கர இயக்க வண்டிக்கு அது சிக்கனமன்று. சில வண்டிகளின் பின் டிஃபரன்ஷியலில், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் அமைப்பு உண்டு. அவற்றில் பின் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், எண்ணெய் கொடுக்கும்தோறும் பெரிய டயர் முந்திச் செல்ல, வண்டி சிறிய டயரின் பக்கம் திரும்பும்.

இனி இயக்கக் கம்பியைப் பற்றி ஒரு சொல். 1970-ஆம் ஆண்டு வெளிவந்த ரேஞ்ச் ரோவரிலும், 1983-ஆம் ஆண்டு வந்த லேண்ட் ரோவர் 110-இலும் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே ஒரு நடு டிஃபரன்ஷியல் அமைக்கப்பட்டது. தேவையானபோது மட்டும் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டும் வண்டிகள் பலவற்றில் அது இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழியைக் கடக்கின்றன. சேற்றிலும் செம்மண்ணிலும் டயர் சிறிது வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. அம்முறுக்கு அச்சுத்தண்டுகளில் தேங்கி, சுக்கான் கனத்து உதறும். இயக்கக் கம்பியும் இறுகிவிடும். அப்போது கம்பியோடு மல்லுக்கட்டாமல், வண்டியை நேராகச் சில அடி பின்னுக்கு நகர்த்தினால் முறுக்கு விடுபடும். இது கோளாறன்று, கம்பியை உரிய நேரத்தில் மாற்ற மறந்ததன் விளைவேயாகும்.

கம்பியை ஒரு சோதனைக் கருவியாகவும் நாம் பயன்படுத்தலாம். இளகிய செம்மண் சாலையில் ஒருமுறை இரு சக்கர இயக்கத்திலும், ஒருமுறை நான்கு சக்கர இயக்கத்திலும் ஒரே வேகத்தில் எண்ணெய் கொடுத்துப் பார்க்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் மட்டும் இழுத்தால் முன்னச்சையும் அதனைத் தாங்கும் புஷ்களையும் சோதிக்க வேண்டும். இரண்டிலும் இழுத்தால் பின்னச்சின் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு பக்க ஹப்பை மட்டும் பூட்ட மறந்ததால் வண்டி இழுக்கிறது என்று சிலர் கூறுவர். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில், அந்நிலையில் பூட்டாத பக்கத்து அச்சுத்தண்டு வீணே சுழலும். முன் சக்கரங்களுக்கு இழுவையே கிடைக்காது. வண்டி சேற்றில் நின்றுவிடுமே தவிர, பக்கவாட்டில் இழுக்காது.

சுக்கான் முன் சக்கரங்களைத் திருப்புவதால், இழுப்பின் காரணமும் முன்புறத்தில்தான் இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். நாம் அறிந்த ஒரு வண்டிக்கு இருமுறை சக்கர நேர்மை பார்க்கப்பட்டது. முன் டயர் இரண்டும் மாற்றப்பட்டன. இழுப்பு மட்டும் போகவில்லை. ஓட்டுநரின் கையில்தான் குறை என்ற பேச்சும் எழுந்தது. இறுதியில், வலப்பக்கத்துப் பின் ஸ்பிரிங்கின் நடு போல்ட் முறிந்திருந்தது தெரியவந்தது.

இதன் விளக்கத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பின்னச்சு, இருபுறமும் உள்ள பட்டை ஸ்பிரிங்குகளின் மீது யூ போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. பட்டைகளை ஒன்றாகக் கோத்துள்ள நடு போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையிலுள்ள துளையில் அமர்ந்து அச்சை அதன் இடத்தில் நிறுத்துகிறது. யூ போல்ட் தளர்ந்தால் முழுப்பாரமும் அந்தச் சிறிய நடு போல்ட்டின் மேல் விழுகிறது. நாளடைவில் அது முறிகிறது. அதன்பின் எண்ணெய் கொடுக்கும்போதெல்லாம் சக்கரம் அச்சை முன்னுக்குத் தள்ளுகிறது. வலப்பக்கம் தளர்ந்திருந்தால் அச்சின் வலமுனை மட்டும் முன்னே நகரும். அப்போது பின் சக்கரங்கள் இடப்புறம் நோக்கித் திரும்பி, வண்டியின் வாலை இடப்பக்கம் கொண்டுபோக, தலை வலப்பக்கம் திரும்புகிறது. பிரேக் பிடித்தால் அம்முனை பின்னே நகர்ந்து, தலை இடப்பக்கம் திரும்பும். ஆக, எண்ணெய் கொடுக்கும்போது எப்பக்கம் இழுக்கிறதோ அப்பக்கத்துப் பின் ஸ்பிரிங்கை முதலில் பார்ப்பது நலம். ஸ்பிரிங்கின் முன் கண்ணிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்தாலும் இதே நிலைதான். நாம் சீவிய மரத்தின் பாலிலிருந்து வந்த ரப்பராகவும் அது இருக்கலாம். எண்ணெய்க் கசிவு பட்டால் அது ஊறிக் கெட்டுவிடும்.

இதனைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தபின், ஸ்பிரிங் பட்டையிலிருந்து அச்சின் இருக்கைவரை நேராக ஒரு கோடு இழுக்க வேண்டும். இருபுறமும் அவ்வாறு செய்து, கட்டைகளை எடுத்துவிட்டு, ஆளில்லாத சாலையில் சிலமுறை எண்ணெய் கொடுத்தும் பிரேக் பிடித்தும் ஓட்டிவந்து பார்த்தால், கோடு முறிந்திருக்கும் பக்கமே தளர்ந்த பக்கம். ஸ்பிரிங்கின் முன் கண் போல்ட்டிலிருந்து அச்சுவரையுள்ள தூரத்தை அளவு நாடாவால் இருபுறமும் அளந்து ஒப்பிடலாம். இருக்கையின் ஓரத்தில் பளபளக்கும் தேய்மானமோ, சிவந்த துருப்பொடியோ தென்பட்டால் அதுவும் சான்றே. வெறும் ஜேக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் புகுதல் ஆகாது; உறுதியான முட்டு வைத்தே தீர வேண்டும்.

பின்புறம் சரியாக இருந்தால் முன்புறத்தை நோக்கலாம். பாரம் ஏற்றி எண்ணெய் கொடுக்கும்போது வண்டியின் பின்புறம் அமர்ந்து முன்புறம் எழுகிறது. முன் சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைவதால், அதுவரை மறைந்திருந்த தளர்ச்சிகள் வெளிப்படுகின்றன. டை ராட் முனைகள், வீல் பேரிங், சட்டத்தோடு சுக்கான் பெட்டியைப் பிணைக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பட்டறையில் ஆட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பட்டறைக்குச் செல்லும்போது, 'வண்டி இழுக்கிறது' என்று மட்டும் சொன்னால், சக்கர நேர்மை பார்த்து அனுப்பிவிடுவர். 'எண்ணெய் கொடுத்தால் வலப்பக்கம், விட்டால் இடப்பக்கம். இரு சக்கர இயக்கத்திலும் அப்படியே. வலப்பக்கத்துச் சுண்ணாம்புக் கோடு முறிந்துள்ளது' என்று எழுதிக் கொடுத்தால் வேலையும் சுருங்கும், பழியும் ஓட்டுநர் மேல் விழாது. வண்டியின் பின்புறத்தில் செல்வோரும் இதற்கு உதவலாம். மேடேறும்போது காலடியில் 'டக்' என்று ஒலி கேட்குமாயின், அது எந்தப் பக்கம் என்பதை இறங்கியவுடன் ஓட்டுநரிடம் கூற வேண்டும்.

பழுது நீக்கும்போது முறிந்த நடு போல்ட்டோடு யூ போல்ட்டுகளையும் புதிதாக மாற்றுவதே முறை. ஒருமுறை நீண்டுபோன யூ போல்ட் மறுபடியும் பிடித்து நிற்காது. புதியவை பூட்டப்பட்டுச் சில நாட்கள் பாரத்தோடு ஓடியபின், பட்டைகள் ஒன்றோடொன்று அமர்ந்து நட்டுகள் சற்றுத் தளரும். அவற்றை மறுபடியும் உரிய அளவிற்கு முறுக்கி, புதிய சுண்ணாம்புக் கோடு ஒன்றையும் இழுத்து வைக்க வேண்டும்.